நான் போட்ட பூட்டு

போன மாதம் ஒரு காலையில் பழைய ஆபீசிலிருந்து தீபா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைகளை எடுத்துக்கொண்ட பெண். நல்ல கெட்டிக்காரி. வாழ்த்துச் சொல்ல மட்டும் கூப்பிடுகிற ரகமல்ல. ஏதாவது கேள்வி இருந்தால்தான் கூப்பிடுவாள்.

"சார், பழைய சாஃப்ட்வேர் கோடெல்லாம் சுத்தம் பண்ணிட்டு வர்றோம். உங்க பேர்ல ஒரு மாட்யூல் இருக்கு. கெர்னல் டிபக்கருக்கு 'மலை'ன்னு ஒரு கட்டளை சேர்க்குது. யாரும் உபயோகிக்கிறதா தெரியல. நீக்கிடட்டுமா?"

"நீக்கிடும்மா" என்றேன்.

"மேல ஒரு குறிப்பு எழுதியிருக்கீங்க சார். 'இங்கே பூட்டு போடாதே. ஒரு முறை போட்டேன். பழி இன்னொருவர் மேல் விழுந்தது.' யார் சார் அந்த இன்னொருத்தர்?"

ரெண்டு நாள் பொறும்மா, அப்புறம் நீக்கிக்கலாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேலையே இல்லை என்று நினைப்பார்கள். பழைய வேலை மட்டும் விடாமல் வந்துகொண்டுதான் இருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. கடைத்தெருவில் அத்தாவுக்கு இரும்புச் சாமான் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் எனக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. படித்தேன், சென்னைக்குப் போனேன், மூன்று கம்பெனி மாறினேன், தலைமுடி போனது. டிரைவர் எழுதுவது என் தொழில். வண்டி ஓட்டுவதில்லை, கம்ப்யூட்டருக்குள் செருகுகிற அட்டையோடு பேசுகிற மென்பொருளுக்கும் அதுதான் பெயர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் இதை விளக்கப் பட்ட பாடு தனிக் கதை.

கடைசிக் கம்பெனியில் என் மேலதிகாரி சந்திரசேகர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் எழுதிய புரோகிராமைத் திரையில் பார்க்க மாட்டார். அச்செடுத்து, ஓரத்தில் துளை போட்டு, நூல் கட்டிக் கொண்டு போய் வைக்க வேண்டும். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகிக்கொண்டு, அடிக்கோல் வைத்து ஒவ்வொரு வரியாக வருவார். நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். உட்காரச் சொல்ல மறந்துவிடுவார், வேண்டுமென்றில்லை. ஏதாவது பட்டியலைத் தொடுகிற வரி வந்தால் அடிக்கோல் அங்கே நிற்கும். "பூட்டு எங்கே, காதர்?" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அந்தப் பூட்டைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிமட்ட நிர்வாகி. அதற்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரே பட்டியலில் இரண்டு வேலைகள் கைவைத்தால் குளறுபடி ஆகும். அதனால் முதலில் வருகிறவன் பூட்டிக்கொண்டு வேலையை முடித்துத் திறப்பான். மற்றவன் வெளியே காத்திருப்பான். ரயில் கழிவறைத் தாழ்ப்பாள் மாதிரிதான். சந்திரசேகரிடம் ஏழு வருடம் இருந்ததில், பூட்டு போடாமல் பட்டியலைத் தொட என் விரல்களே கூசும். தொழில் தெரிந்த மனிதர். எனக்குத் தெரிந்த பாதியை அவரிடம்தான் கற்றேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மேற்படிப்பில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு இடம் ஒதுக்குவதை எதிர்த்து வடக்கே மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்த காலம் அது. இங்கே ஒதுக்கீட்டுக்கு ஆதரவாக ஊர்வலங்கள். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் சிலர் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு வந்தார்கள். "தகுதி, திறமை" என்று மேசைக்கு மேசை பேச்சு. நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். என் சீட்டும் அப்படி வந்ததுதான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த பிழை என்னுடையது என்றாகிவிடும் என்ற பயம்.

அப்போதுதான் கல்வராயன் மலை வேலை வந்தது. வெள்ளிமலையில் ஒரு சேவை மையம். மலைமக்கள் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் கீழே இறங்கி அலையாமல் அங்கேயே விண்ணப்பிக்கலாம். ரேடியோ இணைப்பு வழியாக விண்ணப்பம் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிடும். இயந்திரமும் எங்களுடையது, அதை இயக்குகிற ஒப்பந்த ஆளும் எங்கள் கம்பெனி ஆள். அந்த ஆள் அலமேலு. மலையிலேயே பிறந்து, திருக்கோவிலூரில் விடுதியில் தங்கிப் படித்து, கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். மலைவாழ் மக்களுக்கான ஒதுக்கீட்டில் எடுத்திருந்தார்கள். வருடம் முடிந்தால் நிரந்தரம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் சம்பளம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

இயந்திரம் வாரத்துக்கு இரண்டு முறை அப்படியே நின்றுபோனது. சந்திரசேகர் என்னை அனுப்பினார். கச்சிராயபாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து மலைப்பாதையில் இன்னொன்று. வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வந்தது. மையத்தில் அலமேலு ஒரு நீளமான பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனை மணிக்கு நின்றது, என்ன செய்துகொண்டிருந்தபோது நின்றது, திரையில் என்ன தெரிந்தது, எல்லாம் தமிழில், பொடி எழுத்தில்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"நின்னுபோச்சுன்னா யாராவது வந்து இன்னா ஆச்சுன்னு கேப்பாங்கல்ல சார். அப்ப முழிக்கக் கூடாதுல்ல."

நல்லது என்று தலையாட்டிவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பினேன். பதிவேட்டை நான் பிரித்துப் பார்க்கவில்லை. கெர்னல் டிபக்கரை அதில் ஏற்றினேன். இயந்திரம் நின்றாலும், கீபோர்டில் 'பாஸ்' (Pause) விசையை அழுத்தினால் டிபக்கர் விழித்துக்கொள்ளும். மற்ற எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்திவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விடும். அலமேலுவுக்கு ஒரு தடவைதான் காட்டினேன். இரண்டாம் தடவை அவளே செய்து காட்டினாள்.

அடுத்துதான் சிக்கல் வந்தது. டிபக்கரில் ஏற்கெனவே இருக்கிற கட்டளைகள் நினைவகத்தை வெறும் எண்களாக, வரிவரியாகக் கொட்டும். எங்கள் ரேடியோ அட்டை அனுப்ப வேண்டியதை அடுக்கி வைக்கும் பட்டியலில் அறுபத்து நான்கு அறைகள். எந்த அறை நிரம்பியிருக்கிறது, எது காலி என்று அந்த எண்களிலிருந்து பொறுக்கி எடுக்க எனக்கே அரை நாள் ஆகும். மலையிலிருந்து போனில் ஒருத்தி படிக்க, சென்னையில் நான் எழுதிக்கொள்வது நடக்காத காரியம்.

அதனால்தான் சொந்தமாக ஒரு கட்டளை. இதற்காகக் கெர்னலை மறுபடி கட்ட வேண்டியதில்லை. தனியாக ஒரு மாட்யூல் எழுதினால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் அதைச் செருகலாம், வேண்டாமென்றால் உருவலாம். செருகும்போது அது டிபக்கரிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளும்: என் பெயர் 'மலை', என்னைத் தட்டினால் இந்த வேலையைச் செய், உதவி கேட்டால் இந்த ஒரு வரியைக் காட்டு. உருவும்போது மறக்காமல் பெயரை அடித்துவிட்டுப் போக வேண்டும். மறந்தால் டிபக்கர் இல்லாத முகவரிக்குப் போய் முட்டிக்கொள்ளும். வழக்கமான அச்சிடும் வழியையும் தொடக்கூடாது; டிபக்கர் தருகிற வழியில்தான் எழுத்துகளைத் திரைக்கு அனுப்ப வேண்டும். மொத்தமே இரண்டு பக்கம். அறை எண், நிரம்பியதா காலியா, அட்டை 'முடிந்தது' என்று சொன்னதா இல்லையா. பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியல் போலத் தெளிவாக வரும். எழுதி முடித்தபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது. அதிகம் வராத உணர்ச்சி அது.

அச்செடுத்து, நூல் கட்டி, சந்திரசேகர் முன்னால் நின்றேன். பட்டியலைப் படிக்கிற வரியில் அடிக்கோல் நின்றது.

"பூட்டு எங்கே, காதர்?"

"இது டிபக்கருக்குள்ள ஓடுது சார். எல்லாம் நின்னுதான் இருக்கும்."

"பட்டியல் பட்டியல்தானே." சிவப்பில் ஒரு வட்டம் போட்டார்.

நான் தகராறு செய்யவில்லை. பூட்டைச் சேர்த்தேன். ஆபீஸ் இயந்திரத்தில் பத்து முறை சோதித்தேன், பத்து முறையும் ஒழுங்காக வந்தது. குறுந்தகட்டில் மலைக்கு அனுப்பினோம். அலமேலு போனில் கேட்டுக்கேட்டுத் தானே செருகினாள். "மலைன்னு நம்மூர் பேரையா சார் வெச்சீங்க?" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் முற்பகலில் இயந்திரம் நின்றது. கல்லூரிச் சேர்க்கை நேரம். சான்றிதழ் கேட்டு மையத்தின் வாசலில் கூட்டம். அலமேலு பாஸ் விசையை அழுத்தினாள், டிபக்கர் விழித்தது, எனக்குப் போன் செய்தாள்.

"மலைன்னு தட்டு" என்றேன்.

"தட்டிட்டேன் சார்."

"இன்னா வருது?" சென்னையில் இருபது வருடம் இருந்தும், ஊர்க்காரர்களிடம் பேசினால் எனக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"ஒண்ணுமே வரல சார். அப்பிடியே நிக்குது. எந்தக் கட்டையைத் தட்டனாலும் அசைய மாட்டேங்குது. சனங்க வேற கத்திக்கினு கீறாங்க."

கொஞ்ச நேரம் இதைத் தட்டு, அதைத் தட்டு என்று சொல்லிப் பார்த்தேன். பயனில்லை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடு" என்றேன்.

"அப்பிடியே பண்ணலாமா சார்? உள்ள போனது இன்னும் கீழ போய்ச் சேரலியே."

"வேற வழி இல்ல. பண்ணு."

பண்ணினாள். மறுபடி எழுந்தபோது, கீழே போகாமல் நின்றிருந்த விண்ணப்பக் கோப்பு உடைந்துபோயிருந்தது. அந்த வார விண்ணப்பங்கள் எல்லாம் போச்சு. மலைமக்கள் மறுபடி நடையாய் நடந்து வந்து வரிசையில் நின்றார்கள். புகார் மேலே போய், அங்கிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்தது. இயந்திரத்தின் பதிவில் இருந்தது ஒரே ஒரு வரி: பதினொன்று நாற்பதுக்கு முறைப்படி மூடாமல் மின்சாரம் நிறுத்தப்பட்டது.

சந்திரசேகர் கேட்டார். "அந்தப் பெண்ணா ஆஃப் பண்ணினது?"

"ஆமாம் சார்" என்றேன்.

பொய்யில்லை. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மதியம் கேன்டீனில் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. "கோட்டால ஆளெடுத்தா இப்படித்தான்" என்றான் ஒருவன், குழம்பை ஊற்றிக்கொண்டே. நான் தட்டைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது விஷயம் எனக்குப் புரிந்தது. இயந்திரம் நிற்கிறதே, அது ஏன் நிற்கிறது? டிரைவர் பட்டியலைப் பூட்டிக்கொண்டு, அட்டை பதில் சொல்லும் என்று உள்ளேயே காத்திருப்பதால். டிபக்கர் விழிக்கும்போது அந்த ஆளும் பூட்டோடு அப்படியே உறைந்துபோகிறான். அப்போது என் கட்டளை போய்க் கதவுக்கு வெளியே காத்து நிற்கிறது. உள்ளே இருப்பவன் வெளியே வரவே மாட்டான். ஆபீஸ் சோதனையில் உள்ளே யாருமில்லாததால் கதவு திறந்திருந்தது. நோயாளிக்காக எழுதிய மருந்தை நான் பத்து முறையும் நல்ல உடம்பில் சோதித்திருக்கிறேன். டிரைவர் எழுதிப் பழகிய ஆள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். தொழில் தெரியாதவன் பூட்டைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டான்.

பூட்டை எடுத்துவிட்டு, அச்செடுத்து, சந்திரசேகர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். பேனாவின் மூடியைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து முன்பக்கம் மாட்டினார். "சரி, அனுப்புங்க" என்றார்.

இந்தத் தடவை நானே மலைக்குப் போய்ச் செருகினேன். அலமேலு முன்போலப் பேசவில்லை. ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது, நீட்டிப்பார்களா தெரியவில்லை என்றாள். "நான் பேசறேன்" என்றேன். பதிவேடு நிரம்பியிருந்தது. அதை என் கையில் கொடுத்தாள். "ஆபீசுல காட்டுங்க சார். எல்லாம் எழுதி இருக்கறேன்."

வாங்கிப் பையில் வைத்தேன். ஆபீசில் மேசை டிராயரில் வைத்தேன்.

நான் திரும்பிய நான்காம் நாள் இயந்திரம் மறுபடி நின்றது. அலமேலு போன் செய்தாள். மலை என்று தட்டினாள். பிறகு படிக்க ஆரம்பித்தாள். அறுபத்து நான்கு அறைகளையும் ஒன்று விடாமல், நிதானமாகப் படித்தாள். எல்லாம் நிரம்பியிருந்தன. அட்டை எதற்கும் 'முடிந்தது' சொல்லவில்லை. மலையில் மின்னழுத்தம் ஒரு கணம் தாழும்போது அட்டையின் பதில் தொலைந்துவிடுகிறது. எங்கள் டிரைவர் அந்தப் பதிலுக்காகக் காலமெல்லாம் காத்திருக்கிறது. காத்திருப்புக்கு ஒரு எல்லை வைத்தோம். அதற்குப் பிறகு அந்த இயந்திரம் நிற்கவேயில்லை.

அறிக்கையை நான்தான் எழுதினேன். மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: முதல் முறை இயந்திரம் முற்றிலும் உறைந்ததற்குக் காரணம் எங்கள் கட்டளையில் இருந்த பூட்டு; மின்சாரத்தை நிறுத்தச் சொன்னது நான். சந்திரசேகரின் அடிக்கோல் அந்த வரியில் நின்றது. சிவப்பில் ஒரு கோடு இழுத்தார்.

"வாடிக்கையாளருக்குப் போற அறிக்கை. நம்ம வீட்டு விஷயம் எதுக்கு?"

"தப்பு அந்தப் பொண்ணு பேர்ல இருக்கு சார்."

"வேலையை விட்டு எடுக்க வேணாம்னு நான் சொல்றேன். போதுமா?"

போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். சொன்னபடி அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஒப்பந்தம் நீண்டது. ஆனால் புகார் வந்தபோது எழுதிய 'இயக்குபவரின் தவறு' என்ற குறிப்பு அவள் கோப்பிலேயே தங்கிவிட்டது. அடுத்த வருடம் நிரந்தரப் பட்டியல் வந்தபோது அவள் பெயர் இல்லை. எனக்கு அது தெரியும். மாட்யூலின் மேலே யாரும் படிக்காத இடமாகப் பார்த்து மூன்று வாக்கியம் எழுதினேன். என் வீரம் அவ்வளவுதான்.

தீபா போன் செய்த மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து மலை. வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் அலமேலு என்று கேட்டதுமே கையைக் காட்டினார்கள். ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருகிறாள். கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"வாங்க காதர் சார். இன்னா இவ்ளோ தூரம்?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். பூட்டு, கட்டளை, கையெழுத்து எல்லாம். கைவேலையை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"அன்னிக்கே தெரியும் சார். மலைன்னு தட்டனதுக்கு அப்புறம்தான் செத்துப்போச்சு. அதுக்கு முன்ன நல்லாத்தான் முழிச்சிக்கினு இருந்துச்சு. நோட்டுல எழுதித்தான் உங்க கையில குடுத்தேன். படிக்கலியா?"

இல்லை என்று தலையாட்டினேன். உறைந்துபோன இயந்திரத்தின் நினைவகத்தைப் படிக்கக் கட்டளை எழுதத் தெரிந்த எனக்கு, என் டிராயரில் தமிழில் கிடந்த ஒரு பக்கத்தைப் படிக்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள். "எழுதிக் குடுங்க சார்."

"இப்ப இதை யார்கிட்டம்மா காட்டப் போற?"

"யாருக்கும் இல்ல. என்கிட்ட இருக்கட்டும்."

எழுதினேன். பதினொன்று நாற்பதுக்கு இயந்திரம் உறைந்தது, காரணம் நான் எழுதிய கட்டளை, அணைக்கச் சொன்னதும் நான், இயக்கிய அலமேலுவின் மேல் தவறில்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"பதினொண்ணு நாப்பது ஆஃப் பண்ணது சார். நின்னது பதினொண்ணு இருபதுக்கு. நடுவுல இருபது நிமிசம் உங்களைக் கேட்டுக்கினுதான் இருந்தேன். அதையும் எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். மறுபடி படித்தாள். ஜெராக்ஸ் இயந்திரத்தில் வைத்து ஒரு நகல் எடுத்து என்னிடம் கொடுத்தாள். அசலை, சாதிச் சான்றிதழும் டிப்ளமாவும் வைத்திருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் செருகினாள். "டீ குடிக்கிறீங்களா சார்?" என்றாள். வேண்டாம் என்றேன். "அடுத்து யாரு, வாங்க" என்று வரிசையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பஸ் இறங்கிக்கொண்டிருந்தபோது தீபாவுக்குப் போன் செய்தேன். "இப்ப நீக்கிடலாம்மா."

"சரி சார். ஆனா அந்த இன்னொருத்தர் யாருன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்க, பையிலிருந்து நகலை எடுத்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன்.